டெடி ரினேர்: ஜூடோவின் ஹெவிவெயிட் சாம்பியனைப் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஒலிம்பிக் வந்தால் மட்டும் ஜூடோ பார்க்கிறவர்கள்தான் நம்மில் அதிகம். 2024 பாரிஸ் ஒலிம்பிக் தொடக்க விழாவில் கொப்பரையில் தீபம் ஏற்றிய இருவரில் அந்த நெடிய மனிதர் யார் என்று அப்போது பலர் கேட்டார்கள். அதற்குப் பிறகு வந்த கேள்விகளையும் சேர்த்து ஒரே இடத்தில் பதில் சொல்லிவிடலாம்.

டெடி ரினேர் யார்? சுருக்கமாகச் சொல்லுங்கள்.

பிரான்ஸ் நாட்டு ஜூடோ வீரர். 1989 ஏப்ரல் 7 அன்று கரீபியக் கடலில் உள்ள பிரெஞ்சுத் தீவான குவாதலூப்பில் பிறந்தார், வளர்ந்தது பாரிஸில். உயரம் 2.04 மீட்டர், நம் கணக்கில் 6 அடி 8 அங்குலம். எடை அவ்வப்போது ஏறி இறங்கும். 130 கிலோவுக்குக் கீழே போவது அபூர்வம். 11 தனிநபர் உலகப் பட்டங்கள், ஒலிம்பிக்கில் 5 தங்கம், 2 வெண்கலம்.

குவாதலூப் என்ற பெயரை எங்கோ கேட்டது போல இருக்கிறதா? 19-ஆம் நூற்றாண்டில் புதுச்சேரி, காரைக்கால் பக்கமிருந்து தமிழர்கள் கரும்புத் தோட்ட வேலைக்குக் கப்பலேறிய தீவு அது. ரினேருக்கும் அந்தக் கதைக்கும் சம்பந்தமில்லை.

ரினேர் ஆடும் +100 கிலோ பிரிவில் எடைக்கு உச்சவரம்பே கிடையாதா?

கிடையாது. ஆண்கள் ஜூடோவில் 60, 66, 73, 81, 90, 100 என்று பிரிவுகள் போகும், அதற்கு மேல் எல்லோரும் ஒரே கூடைதான். 102 கிலோக்காரரும் 160 கிலோக்காரரும் நேருக்கு நேர் நிற்கலாம். 1998-க்கு முன்னால் இந்தக் கோடு 95 கிலோவில் இருந்தது.

எடை கூடினால் வெற்றி என்றும் சொல்ல முடியாது. செக் வீரர் லுகாஷ் கிர்பாலெக் 2016 ரியோவில் 100 கிலோ பிரிவில் தங்கம் வாங்கினார். அப்புறம் மேல் பிரிவுக்கு வந்து, 2019-இல் உலக சாம்பியன் ஆகி, டோக்கியோ ஒலிம்பிக்கில் +100-இலும் தங்கம் வாங்கினார். அந்தப் பிரிவில் அவர் சின்ன ஆள்தான்.

போட்டியில் எப்படி ஜெயிப்பார்கள்? விதிகளை ரெண்டு வரியில் சொன்னால் போதும்.

ஒரு போட்டி 4 நிமிடம். எதிராளியை வேகத்தோடும் பலத்தோடும் முதுகு முழுக்கப் படும்படி வீசினால் இப்போன், ஆட்டம் அங்கேயே முடிந்தது. தரையில் 20 விநாடி அமுக்கிப் பிடித்தாலும், கழுத்து நெரி அல்லது கைப்பூட்டுப் போட்டு எதிராளியைச் சரணடைய வைத்தாலும் இப்போன்தான். கொஞ்சம் குறைவான வீச்சுக்கு வஸா-ஆரி. அது இரண்டு சேர்ந்தால் ஒரு இப்போன். தாக்காமல் நழுவினால், மெத்தைக்கு வெளியே போனால், பிடி விடாமல் தடுத்துக்கொண்டே இருந்தால் ஷிதோ என்ற எச்சரிக்கை. மூன்று ஷிதோ வாங்கியவர் வெளியே. நேரம் முடிந்தும் சமமாக இருந்தால் கோல்டன் ஸ்கோர் என்ற கூடுதல் நேரம், அதற்கு நேர வரம்பு இல்லை. 2025-இல் யூகோ என்ற சின்னப் புள்ளியும் திரும்ப வந்திருக்கிறது.

இவ்வளவு பெரிய உடம்பு இருந்தால் யார்தான் ஜெயிக்க மாட்டார்கள்?

இந்தக் கேள்விதான் அதிகம் வருகிறது, கொஞ்சம் எரிச்சலோடும் வருகிறது. நியாயமான சந்தேகம்தான். ஆனால் ஜூடோவில் உயரம் பாதி வரம் என்றால் பாதி தொல்லை. எதிராளியின் இடுப்பு தன் இடுப்புக்குக் கீழே போய்விட்டால் நெட்டையனைத் தூக்குவது சுலபம். ரினேரைச் சாய்த்த ஜப்பானியர் ககெயுரா கொகொரோவும் ரஷ்யாவின் தமெர்லான் பஷாயெவும் அவரைவிட நன்றாகக் குட்டையானவர்கள்.

ரினேரின் பலம் கைகளில் இருக்கிறது. போட்டி தொடங்கிய முதல் பத்து விநாடி அவர் கால்களைப் பார்க்காதீர்கள், கைகளைப் பாருங்கள். ஒரு கையால் எதிராளியின் சட்டைக் கையை முழங்கைப் பக்கமாகப் பிடித்துக் கீழே இழுப்பார். மற்றக் கை தோளுக்கு மேலாகப் போய், கழுத்துப் பட்டைக்குப் பின்னாலோ முதுகுச் சட்டையிலோ விழும். அந்தப் பிடி விழுந்ததும் எதிராளியின் தலை குனிந்துவிடும். தலை குனிந்தவனால் தாக்க முடியாது. தாக்காவிட்டால் நடுவர் ஷிதோ காட்டுவார். ஷிதோ வந்த பதற்றத்தில் ஏதாவது ஒரு அரைகுறைத் தாக்குதலுக்குக் காலை எடுத்தால், ஒசோதோ-கரி தயாராகக் காத்திருக்கும்: எதிராளியின் கனம் நிற்கும் காலைப் பின்னாலிருந்து வாரிவிட்டு, மேல் உடம்பைப் பின்பக்கமாகச் சாய்க்கும் வீச்சு. இல்லையென்றால் உச்சி-மதா: தொடைகளுக்கு நடுவே காலைக் கொடுத்து மேலே அள்ளி எறிவது.

ஆக, அவரிடம் தோற்ற பலர் வீச்சில் தோற்றதாகக் கணக்கில் இருக்கும். உண்மையில் பிடிச்சண்டையில் ஏற்கெனவே தோற்றிருப்பார்கள். எனக்கு அவருடைய ஆட்டம் பிடித்ததே இதைக் கவனிக்கத் தொடங்கிய பிறகுதான். அதற்கு முன்னால், பெரிய ஆள் சின்ன ஆளை மெத்தையின் ஓரத்துக்குத் தள்ளிக்கொண்டு போகிறார் என்று மட்டும்தான் தெரிந்தது.

18 வயதில் உலக சாம்பியன் ஆனாராமே?

ஆமாம். 2006-இல் ஜூனியர் உலகப் பட்டம். 2007 ஏப்ரலில், 18 வயது முடிந்த கையோடு, பெல்கிரேடில் ஐரோப்பியப் பட்டம். அதே ஆண்டு செப்டம்பரில் ரியோ டி ஜெனிரோவில் சீனியர் உலகப் பட்டம். ரியோவில் அவர் வழியில் நின்றவர்களில் ஒருவர் இனோவே கோசெய், 2000 சிட்னி ஒலிம்பிக்கில் 100 கிலோ பிரிவின் சாம்பியன், ஜப்பானே கொண்டாடிய ஆள். அந்தப் போட்டியின் முடிவைப் பற்றி ஜப்பான் ரசிகர்கள் வெகுநாள் முணுமுணுத்தார்கள்.

ஹெவிவெயிட்டில் இந்த வயது ரொம்பச் சின்னது. சுறுசுறுப்பை மட்டும் நம்பும் சின்ன எடைகளில் பதின்வயதுக்காரர்கள் மேலே வருவதுண்டு. பெரிய எடையில் உடம்பு முறுக்கேறி, அந்த எடையைத் தூக்கிக்கொண்டு நாள் முழுக்கச் சண்டை போடப் பழகவே இருபதுகளின் நடுப்பகுதி ஆகிவிடும்.

அப்படியென்றால் 2008 பெய்ஜிங்கில் ஏன் தங்கம் இல்லை?

காலிறுதியில் உஸ்பெகிஸ்தானின் அப்துல்லோ தங்ரியெவிடம் தோற்றார். பிறகு மீண்டு வந்து வெண்கலம். தங்கம் ஜப்பானின் இஷி சதோஷிக்கு.

154 தொடர் வெற்றி என்கிறார்களே, அது எங்கே தொடங்கி எங்கே முடிந்தது?

ஒரு தோல்வியில் தொடங்கி இன்னொரு தோல்வியில் முடிந்தது, இரண்டுமே ஜப்பானியர்களிடம்.

முதலாவது 2010 செப்டம்பர், டோக்கியோ. அந்த உலகப் போட்டியில் +100-இல் ரினேர் ஏற்கெனவே தங்கம் வாங்கியிருந்தார். எடை பார்க்காத திறந்த பிரிவின் இறுதியில் கமிகவா தைக்கியோடு மோதினார். யாருக்கும் புள்ளி விழவில்லை. அப்போதிருந்த விதிப்படி நடுவர்கள் கொடி தூக்கி முடிவு சொல்ல வேண்டும். கொடி கமிகவா பக்கம் போனது. ரினேருக்கு அது வயிற்றெரிச்சல். கொடி தூக்கும் அந்த முறையையே பின்னால் எடுத்துவிட்டார்கள்.

அதன்பிறகு ஒன்பது ஆண்டுக்கும் மேலாக யாரும் அவரை வெல்லவில்லை. 2011, 2013, 2014, 2015, 2017 உலகப் பட்டங்கள், லண்டன் ஒலிம்பிக், ரியோ ஒலிம்பிக், 2017 நவம்பரில் மராக்கேஷில் நடந்த திறந்த பிரிவு உலகப் போட்டி, எல்லாம் இந்த ஓட்டத்துக்குள் அடக்கம்.

முடிந்தது 2020 பிப்ரவரி 9, பாரிஸ் கிராண்ட் ஸ்லாம், மூன்றாவது சுற்று. சொந்த ஊர், சொந்தக் கூட்டம், எதிரே ககெயுரா. நேரம் முடிந்து கோல்டன் ஸ்கோருக்குப் போனது. ரினேர் வீச்சுக்குள் நுழைந்தார். ககெயுரா அதே வேகத்தை வாங்கி மறுபக்கம் திருப்பிவிட்டார். 2.04 மீட்டர் உடம்பு மெத்தையில் விழுந்தது, வஸா-ஆரி. வேடிக்கை என்னவென்றால், ககெயுரா அன்றைக்குத் தங்கம் வாங்கவில்லை. இறுதியில் நெதர்லாந்தின் ஹெங்க் குரோலிடம் தோற்றுப்போனார்.

9 ஆண்டில் 154 போட்டிகள்தானா? குறைவாக இருக்கிறதே?

நல்ல கேள்வி. வகுத்துப் பார்த்தால் ஆண்டுக்குச் சுமார் 16 சண்டை வருகிறது. ஒரே நாளில் நான்கைந்து சண்டை நடக்கும் விளையாட்டில் இது மூன்று, நான்கு போட்டிகளுக்குச் சமம். 2018, 2019 உலகப் போட்டிகளுக்கு அவர் போகவே இல்லை. 2017 நவம்பருக்குப் பிறகு மெத்தைக்குத் திரும்பியது 2019 ஜூலையில், மாண்ட்ரியலில்.

இதை வைத்து, பொறுக்கி எடுத்துச் சண்டை போடுகிறவர் என்று அவரைக் குறை சொல்கிறவர்கள் இருக்கிறார்கள். குறை சொல்வதில் ஓரளவு நியாயம் உண்டு: அந்த இரண்டு ஆண்டிலும் பட்டம் வாங்கிய ஜார்ஜியாவின் குராம் துஷிஷ்விலியும் கிர்பாலெக்கும் அப்போது உச்சத்தில் இருந்தவர்கள். இன்னொரு பக்கம், 140 கிலோ உடம்பை முட்டிகள் எத்தனை வருஷம் தாங்கும்? 18 வயதில் பட்டம் வாங்கியவர் 35 வயதிலும் ஒலிம்பிக் தங்கம் வாங்கினார் என்றால், இடையில் அவர் வராமல் இருந்த நாட்களுக்கும் அதில் பங்கு இருக்கிறது. என் கட்சி இரண்டாவது.

யமஷிதாவின் சாதனையை ரினேர் முறியடித்தாரா?

தொடர் வெற்றியில் இல்லை. ஜப்பானின் யமஷிதா யசுஹிரோ 1977 முதல் 1985-இல் ஓய்வு பெறும் வரை 203 போட்டிகளைத் தோல்வியின்றி முடித்தார். நடுவே சில சமன்கள் உண்டு, தோல்வி கிடையாது. அதில் உள்நாட்டுப் போட்டிகளும் சேர்த்தி, ஜப்பானில் உள்நாட்டுப் போட்டியே உலகப் போட்டிக்கு நிகரான கடுமை. ஆனால் 1980 மாஸ்கோ ஒலிம்பிக்கை ஜப்பான் புறக்கணித்ததால் யமஷிதாவுக்கு ஒலிம்பிக் என்று கிடைத்தது 1984 லாஸ் ஏஞ்சலஸ் ஒன்றுதான். அதிலும் வழியில் கெண்டைக்கால் தசை கிழிந்து, நொண்டிக்கொண்டே இறுதிக்கு வந்து, எகிப்தின் முகமது ரஷ்வானை வென்றார்.

இருவரையும் ஒரே தராசில் வைப்பது எனக்குச் சரியாகப் படவில்லை. காலம் வேறு, விதி வேறு. யமஷிதா காலத்தில் காலைக் கையால் பிடித்து வீழ்த்தலாம். 2010-இலிருந்து அதைப் படிப்படியாகத் தடை செய்துவிட்டார்கள். உயரமானவர்களுக்கு அந்தத் தடை உதவியது என்பதையும் மறைக்க வேண்டியதில்லை. ரினேரின் உச்சக்காலம் முழுக்க அந்தத் தடைக்குப் பிறகுதான் வருகிறது.

2016 ரியோ இறுதியில் ஏன் கூச்சல் போட்டார்கள்?

சண்டை சண்டையாகவே இல்லை, அதனால்தான். எதிரே ஜப்பானின் ஹரசவா ஹிசயோஷி. ஹரசவாவுக்கு இரண்டு ஷிதோ, ரினேருக்கு ஒன்று. அந்த வித்தியாசத்தை வைத்துக்கொண்டு ரினேர் மீதி நேரத்தை ஓட்டினார். ஒரு வீச்சுப் புள்ளிகூட இல்லாமல் ஒலிம்பிக் தங்கம் முடிவானது. பிரான்சின் தேசியக்கொடியைத் தொடக்க விழாவில் ஏந்தியவரிடமிருந்து அதைவிட நல்ல ஆட்டத்தை எதிர்பார்த்ததில் தப்பில்லை.

மறு ஆண்டே விதி மாறியது. 2017 முதல், நேரத்துக்குள் ஷிதோ வித்தியாசத்தை வைத்து ஜெயிக்க முடியாது. அந்த விதி ஒரு வருஷம் முன்னால் வந்திருந்தால் அந்த இறுதி கோல்டன் ஸ்கோருக்குப் போயிருக்கும்.

டோக்கியோவில் என்ன நடந்தது?

2021-இல் நடந்த டோக்கியோ ஒலிம்பிக்கில் மூன்றாவது தனிநபர் தங்கம் வாங்கினால், ஜப்பானின் நொமுரா ததஹிரோ 1996, 2000, 2004-இல் செய்ததைத் தொட்டிருப்பார். களம் நிப்பான் புதொகான், 1964-இல் ஜூடோ முதல்முறை ஒலிம்பிக்கில் நுழைந்தபோது அதற்காகவே கட்டிய அரங்கம். காலிறுதியில் பஷாயெவ் கோல்டன் ஸ்கோரில் அவரை வீழ்த்தினார். ரினேர் வெண்கலத்துக்கு வந்தபோது எதிரே நின்றவர் அதே ஹரசவா, ரினேர் வென்றார்.

மறுநாள் கலப்பு அணிப் போட்டி. ஒலிம்பிக்கில் அதுதான் முதல் தடவை. இறுதியில் பிரான்ஸ் 4-1 என்று ஜப்பானை அதன் சொந்த மண்ணில் சாய்த்தது. ரினேரும் ஆரோன் வுல்ஃபைத் தோற்கடித்தார். வுல்ஃப் அந்த வாரம்தான் 100 கிலோ பிரிவில் தங்கம் வாங்கியிருந்தார்.

2023 உலகப் போட்டியில் இரண்டு பேருக்குத் தங்கம் கொடுத்தார்களாமே?

கொடுத்தார்கள். தோஹாவில் இறுதியில் ரினேரும், நடுநிலைக் கொடியின் கீழ் ஆடிய ரஷ்யர் இனால் தசோயெவும் மோதினார்கள். தசோயெவ் செய்த ஒரு எதிர்வீச்சுக்கு நடுவர்கள் புள்ளி கொடுக்கவில்லை. ஆட்டம் தொடர்ந்து, ரினேர் வென்றார். பிறகு சர்வதேச ஜூடோ கூட்டமைப்பு வீடியோவைத் திரும்பப் பார்த்து, அது புள்ளிதான் என்று ஒப்புக்கொண்டு, தசோயெவுக்கும் தங்கம் அளித்தது. ரினேரின் 11-ஆவது உலகப் பட்டம் இதுதான். எண்ணிக்கையில் குறையாது, ஆனால் பக்கத்தில் ஒரு நட்சத்திரக் குறி போடுகிறவர்களைக் குற்றம் சொல்ல முடியாது.

2024 பாரிஸில் அந்தச் சக்கரம் சுற்றிய கதை என்ன?

முதலில் தனிநபர். ஆகஸ்ட் 2. காலிறுதியில் துஷிஷ்விலியை வென்றதும் தரையில் தள்ளுமுள்ளு. துஷிஷ்விலிக்குச் சிவப்பு அட்டை கிடைத்தது. அரையிறுதியில் தஜிகிஸ்தானின் தெமூர் ரகிமோவ். இறுதியில் தென் கொரியாவின் கிம் மின்-ஜொங், அந்த ஆண்டின் உலக சாம்பியன். நேரம் முடியப் போகிற கட்டத்தில் இப்போன். மூன்றாவது தனிநபர் தங்கம் கிடைத்துவிட்டது.

மறுநாள் கலப்பு அணி இறுதி, மறுபடியும் ஜப்பான். ஆறு பிரிவு, மூன்று ஆண்கள், மூன்று பெண்கள். நான்கு வெற்றி எடுத்த அணிக்குத் தங்கம். ரினேர் தன் சண்டையில் சைத்தோ தட்சுருவை வீழ்த்தினார், ஆனாலும் ஜப்பான் 3-1 என்று முன்னால் போய்விட்டது. இன்னும் ஒன்று போனால் கதை முடிந்தது. அப்போது ஜோவான்-பெஞ்சமின் கபா, இரண்டு முறை ஒலிம்பிக் சாம்பியனான அபே ஹிஃபுமியைக் கவிழ்த்தார். அந்த ஒலிம்பிக்குக்கு முன்னால் கபா உலக அளவில் பெரிதாகத் தெரியாத பெயராக இருந்தார்; அரங்கம் கூரையைப் பிய்த்துக்கொண்டது. அடுத்து கிளாரிஸ் அக்பெனெனு வென்றார். 3-3.

சமமானால் எந்தப் பிரிவு மறுபடி மோத வேண்டும் என்பதைத் திரையில் ஒரு சக்கரம் சுற்றி முடிவு செய்யும். ஆறில் ஒன்று. நின்றது ஆண்கள் +90-இல், ரினேரின் பிரிவில். கணினி பிரெஞ்சுக்காரர்களுக்கு வேலை செய்கிறது என்று ஜப்பானில் பலர் பொருமினார்கள். அதை நம்ப எனக்குக் காரணம் எதுவும் இல்லை, ஆனால் அந்த இடத்தில் நானும் ஜப்பானியனாக இருந்தால் பொருமித்தான் இருப்பேன். ரினேர் மறுபடி சைத்தோவோடு மோதி, மறுபடி கோல்டன் ஸ்கோரில், மறுபடி வென்றார்.

சைத்தோவுக்கு அப்போது 22 வயது. அவருடைய அப்பா சைத்தோ ஹிதோஷி, 1984-லிலும் 1988-லிலும் ஒலிம்பிக் ஹெவிவெயிட் சாம்பியன். உள்நாட்டில் யமஷிதாவை வெல்ல ஆண்டுக்கணக்காக முயன்று முடியாமல் போனவர். மகனுக்கு ரினேர் வாய்த்தார்.

பிரான்சில் ஜூடோவுக்கு ஏன் இவ்வளவு மவுசு?

1935-இல் கவைஷி மிகினோசுகே என்ற ஜப்பானிய ஆசிரியர் பாரிஸுக்கு வந்து கற்றுக்கொடுக்கத் தொடங்கினார். மஞ்சள், ஆரஞ்சு, பச்சை என்று வண்ண பெல்ட்டுகளை அங்கே பரப்பியது அவர்தான்; நம்மூர் கராத்தே வகுப்புப் பிள்ளைகள் கட்டும் வண்ணங்களுக்கும் அதில் பங்கு உண்டு. இன்று பிரெஞ்சு ஜூடோ சங்கத்தில் பதிவு செய்தவர்கள் ஐந்து லட்சத்துக்கும் மேல், பெரும்பாலும் குழந்தைகள். ரினேருக்கு முன்னால் அந்தக் குழந்தைகளின் சுவரில் இருந்த படம் தவிட் துயே: நான்கு உலகப் பட்டம், 1996-லிலும் 2000-லிலும் ஒலிம்பிக் தங்கம், அவரும் ஹெவிவெயிட்தான்.

இந்தியாவிலிருந்து ஹெவிவெயிட்டில் யாராவது?

துலிகா மான். பெண்கள் +78 கிலோ பிரிவு. 2022 பர்மிங்காம் காமன்வெல்த் விளையாட்டில் வெள்ளி. பாரிஸ் ஒலிம்பிக்கில் ரினேர் தங்கம் வாங்கிய அதே நாளில், அதே அரங்கில் இறங்கினார். முதல் சுற்றிலேயே எதிரே வந்தவர் கியூபாவின் இதாலிஸ் ஒர்திஸ், 2012 ஒலிம்பிக் சாம்பியன். அந்தக் குலுக்கலுக்கு யார் என்ன செய்ய முடியும்? அதே ஆண்டு பாராலிம்பிக்கில் கபில் பர்மார் 60 கிலோ பிரிவில் வெண்கலம் வாங்கினார். இந்தியாவுக்கு ஜூடோவில் அதுதான் முதல் பாராலிம்பிக் பதக்கம்.

ரினேர் ஓய்வு பெற்றுவிட்டாரா?

பாரிஸோடு நிறுத்தவில்லை. 2028 லாஸ் ஏஞ்சலஸ் வரை போகும் ஆசையை வெளிப்படையாகவே சொல்லியிருக்கிறார். அப்போது அவருக்கு 39 வயது. இந்த எடையில் அந்த வயதில் ஒலிம்பிக் என்பது கொஞ்சம் அதிகப்படிதான். ஆனால் 35-இல் தங்கம் என்றபோதும் இதையே சொன்னார்கள்.

ஜூடோ புதிது. ரினேரின் எந்தப் போட்டிகளை முதலில் பார்க்கலாம்?

2024 அணி இறுதியில் சைத்தோவோடு நடந்த இரண்டு சண்டைகளும் முதலில். ஒரே ஆளை ஒரே நாளில் இரண்டு முறை எப்படி அணுகினார் என்று பார்க்கலாம். அடுத்து கிம் மின்-ஜொங்கோடு நடந்த இறுதி, ஒரு சுத்தமான இப்போனுக்காக. மூன்றாவது 2020-இல் ககெயுராவிடம் தோற்றது. கடைசி அரை நிமிடத்தை மெதுவாக ஓட்டிப் பாருங்கள், குட்டையான ஆள் எங்கே காலை எடுத்தார் என்று தெரியும். 2016 ரியோ இறுதியைக் கடைசியில் வைத்துக்கொள்ளுங்கள். வீச்சுக்காகப் பார்த்தால் கொட்டாவி வரும். இரண்டு பேரின் கைகளை மட்டும் பார்த்தால், ஹரசவா சட்டைக் கையை விடுவிக்க எத்தனை முறை உதறுகிறார், ரினேர் எத்தனை முறை திரும்பப் பிடிக்கிறார் என்று எண்ணிக்கொண்டே உட்கார்ந்திருக்கலாம்.